அம்மா என்று மாட்டிவைத்த படம்

அந்த வீட்டில் மூத்தவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தங்கையும் தம்பியும் மட்டும் அல்ல. எதிர் வீட்டுக்காரர், பால் ஊற்றுகிறவர், அவள் வேலை பார்த்த சட்டைக் கம்பெனியின் சூப்பர்வைசர் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். சூப்பர்வைசர் அவளைவிட வயதில் பெரியவர். அவரும், "பெரியக்கா, காலர் முனை கூரா திரும்பலையே" என்று கூச்சமில்லாமல் சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்தபோது அவள் சின்னப் பெண். ஆனால் அந்தப் பெயரோடு யார் சின்னப் பெண்ணாக இருக்க முடியும்? கூப்பிடக் கூப்பிட ஆகிவிட்டாள்.

அவளைப் பெற்றவளுக்கு மொத்தம் ஐந்து பிள்ளைகள். மூத்தவள் இவள். அடுத்து வந்த இரண்டும் தங்கவில்லை. ரொம்ப காலம் கழித்து ஒரு தங்கை, அவளுக்குப் பின்னால் கடைக்குட்டித் தம்பி. அவன் தவழ ஆரம்பிப்பதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி வெளுக்கிற வேலை அவளுக்கு. ஊரார் காய்ச்சலையெல்லாம் துவைத்துக் காயப்போட்டவளுக்கு ஒரு காய்ச்சலைத் தாங்க முடியவில்லை. தங்கைக்கு அப்போது பேச்சு வந்திருந்தது, நினைவு வந்திருக்கவில்லை. தம்பிக்கு இரண்டும் இல்லை.

வீட்டில் அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணமான புதிதில் எடுத்தது, கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அந்தச் சுவர் மழைக்கு ஓதம் ஏறும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது யாருக்கும் தெரியாது. அப்பா மரவாடியில் அறுவை மெஷினில் நிற்பவர். கனமான மரத்தைப் புரட்டத் தெரிந்த கை அது, மெல்லிய காகிதத்தைப் பிரிக்கத் தெரியாது. பெரிதாக்கக் கொடுக்கலாம் என்று சட்டத்தைக் கழற்றிப் படத்தை இழுத்தார். கொண்டை வந்தது, தோள் வந்தது, கழுத்துச் சங்கிலி வந்தது. முகம் மட்டும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று நினைத்து, ஈரத்துணியை எடுத்துத் துடைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகுதான் என்ன துடைத்தோம் என்று புரிந்தது. அன்றைக்கு அவர் அழுத மாதிரி சாவு வீட்டில்கூட அழவில்லை.

முகம் போன படத்தை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும், போட்டோ எடுத்து அதைத் தூரிகையால் திருத்தியும் கொடுக்கிற படக்காரரிடம் போனார்கள். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அவருடைய இடம். கை நிதானமான மனிதர், வாய்தான் நிற்காது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கழுத்துக்குக் கீழ குறையே இல்ல, அண்ணே. மேலதான் ஆள் இல்ல. இவங்க ஜாடை வீட்ல யாருக்கு இருக்கு?"

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். "இவளுக்குத்தான். அப்படியே உரிச்சு வெச்சிருக்கா."

தாயை இழந்த பெண்ணைப் பார்த்து யாரும் சொல்லுகிற வார்த்தை அது. உண்மையில் அவள் முகவெட்டு அத்தையைக் கொண்டது. அப்பாவின் அக்கா, சீக்கிரமே போய்ச் சேர்ந்த அந்த அத்தைக்குத்தான் அந்த நீள முகமும் மூடிய உதடும். ஆனால் அந்த நேரத்தில் அத்தையின் நினைப்பு யாருக்கு வரும்?

"அப்போ பொண்ணையே உட்கார வைங்க. அம்மா சேலையைக் கட்டிக்கிட்டு வரட்டும். வயசை நான் ஏத்திக்கறேன்" என்றார் படக்காரர்.

மறுநாள் அவள் அம்மாவின் சேலையைக் கட்டி, அம்மா மாதிரி கொண்டை போட்டுக்கொண்டு, தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பதோ இருபதோ வயது.

"என்னைப் பார்க்காதம்மா. நான் என்னமோ கடன் வாங்கிட்டு ஓடிப்போன மாதிரி முறைக்கிற. ஜன்னல் பக்கம் திரும்பு."

திரும்பினாள். கீழே சைக்கிள் கடையில் ஓர் இளைஞன் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை முக்கி முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். குமிழி வந்தபோது, தொலைத்ததைக் கண்டெடுத்தவன்போலத் தனக்குத்தானே சிரித்தான். பிறகு தற்செயலாக மேலே பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. அம்மா போன பிறகு அவள் துணி, பால், அடுப்பு, பிள்ளை என்றில்லாமல் சும்மா ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. படக்காரர் பிடித்தது அந்தப் பார்வையை.

பிறகு கண்ணுக்குக் கீழே நிழல் போட்டார், கன்னத்தைக் கொஞ்சம் கனமாக்கினார். அப்பா, "ஒரு மச்சம் உண்டுங்க, இங்க" என்று தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். எதிரில் நின்று பார்த்துப் பழகியவர் அவர். அவருக்கு இடது பக்கமாகத் தெரிந்தது அம்மாவின் வலது கன்னம். படக்காரர் இடது கன்னத்திலேயே மச்சத்தை வைத்தார். படம் முடிந்ததும் அப்பா அதன் முன்னால் நின்று, "இவதான். இவளேதான்" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் அந்த முகமே நிலைத்துப்போனது.

முதலில் பெரியக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. பெருக்கும்போது நிமிர்ந்தால், அம்மா சேலையில் தானே உட்கார்ந்திருப்பது தெரியும். பிறகு அது பழகியது. தங்கை படத்தைக் காட்டி, "அம்மா எங்க பார்க்கறாங்க?" என்று கேட்டால், "நம்மளைத்தான்" என்பாள். சொல்லச் சொல்ல அவளுக்கும் அது அம்மாவாகிவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோரும் சேர்ந்து மறந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "அம்மா நல்ல லட்சணமா இருந்திருக்காங்க. பொண்ணுக்கு அது வரலையே" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்ற தங்கைக்கு அப்போதே வாய் நீளம். "உங்க பையனுக்கும் உங்க வாய் வரலையே, பாவம், ஊமையா உட்கார்ந்திருக்காரு" என்றாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அப்பா தங்கையை அடிக்கக் கை ஓங்கிவிட்டுச் சிரித்துவிட்டார். பெரியக்காவும் சிரித்தாள். ராத்திரி படுத்தபோதுதான் சுருக்கென்றது. அந்த அம்மாள் ஒப்பிட்டது யாரை யாரோடு? அதற்குப் பிறகு வந்த வரன்களும் ஒட்டவில்லை. தம்பி படிக்க வேண்டும், தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டும், அப்பாவுக்கு மூச்சிரைப்பு. கம்பெனியில் காலர் மேல் காலராகத் தைத்துத் தள்ளிக்கொண்டே காலம் போய்விட்டது. அப்பாவும் போனார். போகும்போதுகூடப் படத்தைப் பார்த்துத்தான் கண் மூடினார்.

தம்பி லிப்ட் மெக்கானிக் ஆனான். மாடி மாடியாக, இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றோடு தொங்குகிற வேலை. தினமும் ஷூவை மாட்டிக்கொண்டு, படத்தின் முன் நின்று, "அம்மா, வரேன்" என்று சொல்லாமல் வாசலைத் தாண்டமாட்டான். ஒரு தடவை நின்றிருந்த பலகை சரிந்து, ஒற்றைக் கையில் தொங்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னான்: "கை நழுவுது, அக்கா. கண்ணை மூடிட்டேன். அம்மா முகம்தான் வந்துச்சு. விட்டுடாதன்னு பார்த்த மாதிரி இருந்துச்சு. விடல." பெரியக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

வயது ஏற ஏற, பார்க்கிறவர்கள், "அப்படியே உங்கம்மாவைக் கொண்டிருக்கியே" என்றார்கள். படத்தின் வயதைத் தாண்டினாள், தலை நரைத்தது, கன்னம் வற்றியது. "அம்மா இருந்திருந்தா இப்போ உன்னை மாதிரிதான் இருந்திருப்பாங்க" என்று தம்பி சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

அவளுக்கு அறுபது தாண்டி, கம்பெனியை விட்டு நின்ற பிறகு, தம்பி ஒரு ப்ளாட் வாங்கினான். வாடகை வீட்டைக் காலி செய்து போக வேண்டும். "எந்தச் சாமான் எப்போ வந்தாலும் சரி, அம்மாதான் முதல்ல போகணும்" என்று புது ஹால் சுவரில் நட்டநடுவே ஆணி அடித்துவிட்டு வந்தான்.

அந்தச் சமயத்தில்தான் சின்னம்மாவின் மகள் வந்தாள். சின்னம்மா என்றால் அம்மாவின் ஒரே தங்கை, அதே சலவைக்கூடத்தில் வேலை செய்தவள். அவள் இறந்த பிறகு அலமாரியை ஒதுக்கியபோது அட்டையில் ஒட்டிய ஒரு போட்டோ கிடைத்ததாம். "சலவைக்கூடத்துக்குப் புது மெஷின் வந்தப்போ எடுத்ததாம், பெரியக்கா. இதுல பெரியம்மாவும் இருக்காங்கன்னு அம்மா சொல்லிட்டே இருப்பா. உனக்கு அடையாளம் தெரியுமே" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

மெஷினுக்காக எடுத்த படம் அது. மெஷின் நடுவில் மணப்பெண்போல நின்றது, சுற்றிலும் பெண்கள். பெரியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் இருக்கிற முகத்தை அந்தக் கூட்டத்தில் தேடினாள். இல்லை. ஓரத்தில் ஒரு நீள முகம், அதுவா? அது சின்னம்மாவின் தோழி. மறுபடி தேடினாள். மெஷின் மூடிமேல் கையை ஊன்றி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வட்ட முகத்தில் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. 'யாரிந்த வாயாடி' என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வலது கன்னத்து மச்சம் கண்ணில் பட்டது. அதற்கும் பிறகு காதில் அந்தச் சிரிப்பு கேட்டது. தெருமுனையிலேயே கேட்கும் அந்தச் சிரிப்பு. அவள் போட்டோவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

பெற்ற தாயைத் தனக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை காலம் தன் முகத்தைப் பார்த்தே அம்மா என்று சொல்லி வந்திருக்கிறாள்.

போட்டோவைத் துணிக்கடியில் வைத்தாள். பாத்திரங்களைக் கட்டும்போதும் பழைய துணிகளைப் பிரிக்கும்போதும் நினைப்பு அதிலேயே இருந்தது. சொன்னால் தம்பிக்கு அம்மா போய்விடுவாள். குழிக்குள் தொங்குகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால், தனக்கு ஒரு காலத்தில் இருபது வயது இருந்தது என்பதே இல்லாமல் போகும். அவளுடைய இளவயதுப் படம் உலகத்தில் அது ஒன்றுதான், அதுவும் வேறொருத்தி பெயரில் இருந்தது. ஒரு நாள் போட்டோவைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தாள். அம்மா சிரித்தாள். அப்பா தெரியாமல் துடைத்தார், நான் தெரிந்து துடைப்பதா என்று திரும்ப வைத்துவிட்டாள்.

சாமான் ஏற்றுகிற நாளில் தம்பி படத்தை இறக்கிப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் பிள்ளைகளும் முன்னாலேயே புது வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"அதைக் கீழ வை. கொஞ்சம் உட்காரு."

"வண்டிக்காரன் வந்துடுவான், அக்கா."

"வரட்டும். நிப்பான்." போட்டோவை நீட்டினாள். "இதைப் பாரு."

"யாரு இவங்கெல்லாம்? உன் கம்பெனி ஆளுங்களா?"

"மெஷின்மேல கை வெச்சுட்டு நிக்கறது அம்மா."

"யாரோட அம்மா?"

"நம்ம அம்மா."

அவன் போர்வையை விலக்கிப் படத்தைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான். சிரித்தான். "உனக்குக் கண்ணாடி மாத்தணும். ரெண்டும் வேற முகம்."

"வேறதான். படத்துல இருக்கறது நான்."

ஓதம் ஏறிய சுவர், ஈரத்துணி, சேலை, முக்காலி எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலை மட்டும் சொல்லவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"அப்போ அப்பா பொய் சொன்னாரா?"

"பொய் இல்லடா. அவருக்கே தெரியாமப் போச்சு. அப்புறம் எனக்கும்."

"நான் அன்னைக்கு ஒத்தக் கையில தொங்கினப்போ..." போட்டோவைத் திருப்பி அவள் கையில் வைத்தான். "சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ."

"இருந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

பெரியக்கா போட்டோவின் ஓரத்தைத் தடவினாள். "எனக்கும் இருபது வயசு இருந்துச்சுடா. அதுக்கு வேற சாட்சி கிடையாது. அம்மா பாவம், இவ்வளவு சிரிச்சிட்டு நிக்கறா, பெத்த பிள்ளைங்க யாருக்குமே அவ முகம் தெரியல."

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். தம்பி எழுந்து போய் வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டான். படத்தைக் கடைசியில் அவள்தான் தூக்கிவந்தாள்.

புது வீட்டில் அந்த ஆணி வெறுமையாக நின்றது. படத்தை யாரும் மாட்டவில்லை. தம்பி அவளோடு பேசவில்லை. காலையில் ஷூ மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் ஹாலில் வந்து நிற்பான். ஆணியைப் பார்ப்பான். வாயைத் திறந்து மூடிவிட்டுப் போவான். அவன் போனதிலிருந்து பெரியக்காவுக்கு ஒரே நினைப்புதான். இன்றைக்குக் கை நழுவினால் எந்த முகம் வரும் அவனுக்கு? நாக்கைக் கட்டிப்போடத் தெரியாத பாவி நான் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மாலையில் பால்கனியில் நின்று, கீழே அவனுடைய வண்டி நுழைவதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் நேரே சமையலறைக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தான். எப்போது எடுத்தான் என்று அவளுக்குத் தெரியாது.

"எவ்வளவு பார்த்தாலும் யாரோ மாதிரியே இருக்கு, அக்கா. எனக்கே அசிங்கமா இருக்கு. இந்த அம்மா எப்படிப் பேசுவாங்க?"

"எங்க பேசுவா? கத்துவா." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அது மறந்தே போயிருந்தது. "மெஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பழகி, வீட்லயும் கத்துவா. ரகசியம்னா தெருவே கேட்கும்."

"படத்துல அவ்வளவு அமைதியா..."

"அமைதி அவ ஜென்மத்துலயே கிடையாது. அப்பாவைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவா. மரத்தூளோட வருவார் இல்ல, 'வந்துடுச்சு பாரு வெட்டுன மரம்'பா."

அவன் சிரித்தான். "என்னை ஏதாவது சொன்னாங்களா?"

"நீ பொறந்து வீறிட்டு அழுத பாரு, உன்னைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வெச்சு, 'யாருடா நீ, என் தூக்கத்தைத் திங்க வந்தவன்'னு கேட்டா. நீ டக்குன்னு அழுகையை நிறுத்திட்ட."

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் சொல்லு" என்றான். சோறு குழைந்துபோகும்வரை அவள் சொன்னாள். படம் சுவரிலிருந்த காலமெல்லாம் அந்த வீட்டில் அம்மா எப்படிப்பட்டவள் என்று யாரும் பேசியதில்லை. அந்த அமைதியான முகத்துக்கு முன்னால் பேச ஒன்றுமில்லாமல் இருந்தது.

மறுநாள் காலை அவன் ஷூவை மாட்டினான். ஹாலில் நிற்காமல் சமையலறை வாசலுக்கு வந்து, "வரேன், அக்கா" என்றான். "பார்த்துப் போ" என்றாள். குரல் சாதாரணமாக வந்ததே பெரிய விஷயம். போட்டோவைப் பெரிதாக்கி அவன் அந்த ஆணியில் மாட்டியது அந்த வாரமே நடந்தது. மெஷினும் சேர்ந்தே பெரிதானது. ஹாலுக்கு வருகிறவர்கள் முதலில் மெஷினைத்தான் பார்த்தார்கள்.

பழைய படம் போர்வையோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. தன் படத்தைத் தானே மாட்டிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா என்று பெரியக்கா தொடவே இல்லை. தங்கை வந்தாள். விஷயம் தெரிந்து ஒரு பாட்டம் அழுது, ஒரு பாட்டம் திட்டி முடித்திருந்தவள், படத்தை வெளியே இழுத்து வெளிச்சத்தில் சாய்த்து வைத்தாள்.

"இவ்வளவு அழகா இருந்திருக்க. ஒரு வார்த்தை சொல்லலையே, சனியனே."

"சும்மா இருடி."

"அந்தப் பொம்பளை, லட்சணம் வரலைன்னாளே, அவ இப்போ எங்க இருக்காளோ, இழுத்துட்டு வந்து காட்டணும். சரி, எதைப் பார்த்து இப்படி உருகற?"

பெரியக்கா வெங்காயத் தோலைப் பொறுக்கினாள். "கீழ சைக்கிள் கடை இருந்துச்சு."

"சைக்கிளையா?"

"சைக்கிளை மட்டும் இல்ல."

தங்கை முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அடிப்பாவி! அம்மா நம்மளைத்தான் பார்க்கறாங்கன்னு நீதானே சொன்ன? பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தக் கண்ணைப் பார்த்துட்டுப் போனேனே!" சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் யாரு? பேசினியா?"

"இல்ல."

"பேர்?"

"தெரியாது."

தங்கை படத்தைத் துடைத்து, தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பெரியக்கா அங்கே போயிருந்தபோது, படம் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. தங்கை உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் படத்தைப் பார்த்து நின்றாள்.

"முன்னாடி இதைப் பார்த்ததில்லையே. யாருங்க இது, உங்க அம்மாவா?"

பெரியக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். தங்கை வருவதாகத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான்தான்."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். மரியாதைக்காகக் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியா? ஜாடையே தெரியலையே."

"தெரியாது" என்றாள் பெரியக்கா. நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டாள்.

"இப்போ பாருங்க."